அக்கா வாங்கிய நற்கருணை

பிப்ரவரி 2, வெள்ளி

காலை கஞ்சி ஐந்து கரண்டி. இளநீர் மூன்று கரண்டி. வாந்தி ஒரு முறை.

இந்த நோட்டு டாக்டர் கேட்டதற்காகத் தொடங்கியது. அக்காவின் உணவுக்குழாயில் வந்திருக்கும் புற்று இனி அறுவைக்கு அடங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள் என்றார். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். இருபத்திரண்டு வருடமாகச் சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பொங்கலிலிருந்து விடுப்பெடுத்துத் தூத்துக்குடியில் அக்காவோடு இருக்கிறேன்.

இன்றைய வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும்.

மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை, பூசையில் மந்திரித்த கோதுமை அப்பம், வரும். பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் பேச்சியம்மாளை நேற்றே ஏவி, கட்டில் ஓரத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் வைக்கச் செய்திருந்தாள் அக்கா. ஏழரைக்கு சிஸ்டர் கொர்னேலியா வந்தார். கழுத்தில் தொங்கிய பையிலிருந்து சிமிழை எடுத்து, அரை அப்பத்தை அக்காவின் நாக்கில் வைத்தார். "கிறிஸ்துவின் உடல்." "ஆமென்." இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு எல்லாம் தரைக்கு வந்துவிட்டது.

நான் துடைக்கத் துணி எடுத்தேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க டீச்சர். அவர் அதுல இருக்கார்."

அறுபது வயதுப் பெண் முழந்தாளிட்டு, கஞ்சியிலும் கோழையிலும் பஞ்சால் துழாவி, வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டார். தரையை மூன்று முறை துடைத்தார். பஞ்சை எரித்துச் சாம்பலாக்கினார். அந்தச் சாம்பலையும் தண்ணீரையும் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டுமாம். கொல்லையில் செம்பருத்திக்கும் மதிலுக்கும் இடையில் ஊற்றினார். எல்லாமாக நாற்பது நிமிடம்.

பேச்சியம்மாள் என் காதருகே வந்து, "கம்மல் எதும் கழண்டு விழுந்துட்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தரையில் கிடந்ததிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கஞ்சி நான்கு கரண்டி. வாந்தி இல்லை.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை வந்தார். ஃபாதர் தனிஸ்லாஸ், நாற்பது வயதிருக்கும். அவசரமில்லாத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"அமலோற்பவம்மா, வாந்தி இருக்கறப்ப குடுக்கக் கூடாதுன்னு ஒழுங்கு இருக்கு. உங்களுக்கே தெரியும். இப்போதைக்கு ஆசை நற்கருணை போதும். மனசார ஆசைப்பட்டா ஆண்டவர் வர்றார்."

அக்கா தலையாட்டினாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "ஏட்டி ஜெசி, முப்பத்தஞ்சு வருசம், முதல் தடவ நற்கருணை வாங்குத புதுநன்மைப் பிள்ளையளுக்குப் பாடம் எடுத்திருக்கேன். அவரு நெசமா வாராரு, உருவகம் இல்ல, அடையாளம் இல்லன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ஞ்சுது. இப்ப நெனச்சுக்கிட்டா போதும்ங்காவ. நெனச்சாப் போதும்னா அவரு எதுக்குட்டி அப்பமா ஆகணும்?"

அது என் துறை இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

விடுப்பை நீட்டித்து மின்னஞ்சல் அனுப்பினேன். கஞ்சி மூன்று.

பிப்ரவரி 9, வெள்ளி

கஞ்சி இரண்டு. வாந்தி ஒரு முறை, சிறிது.

அக்காவுக்குப் பசிக்கிறதாம். கஞ்சி வேண்டாம், இளநீர் வேண்டாம். எதற்குப் பசி என்று நான் கேட்கவில்லை.

பொழுது போகாமல் ஒரு விவாதம். கோதுமை மாவும் தண்ணீரும் சுட்டது. குருவானவர் சில சொற்களைச் சொல்கிறார். அதன் பிறகு எடை அதே, நிறம் அதே, அயோடின் ஒரு சொட்டு விட்டால் நீலமாகத்தான் ஆகும். மாறியது எது என்று கேட்டேன்.

"நீ பாத்தா மாவாத்தான் தெரியும். மாவாத்தான் தெரியணும். வேற மாதிரி தெரிஞ்சா எவட்டி வாயில போடுவா?" என்றாள். சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, பத்து நிமிடம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. வந்த வரன்களையெல்லாம் என்னைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்தாள். என் பதிவுத் திருமணத்துக்கு அவள் வரவில்லை. கோயிலில் நடக்காதது கலியாணம் இல்லை என்றாள். அது முறிந்தபோது மட்டும் ரயிலேறி வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் பதினைந்து நாள் சமைத்துப் போட்டாள். நான் கோயிலுக்குள் கால் வைத்து இருபத்துநான்கு வருடம் ஆகிறது. இந்த இருபத்துநான்கு வருடமும் தினமும் எனக்காக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லியிருக்கிறாள். அதை ஒருமுறையும் குத்திக்காட்டியதில்லை.

இது டாக்டருக்குத் தேவையில்லாத விவரம்.

பிப்ரவரி 12, திங்கள்

கஞ்சி இரண்டு. இளநீர் ஒன்று.

கன்னியர் மடத்துக்குப் போனேன். அங்கேதான் இந்த வட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் அப்பம் சுட்டுக் கொடுக்கிறார்கள். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பம் வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களைக் காகிதத்தில் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மந்திரிக்கப்படாதவரை அது தின்பண்டம். எந்தப் பங்குக் கோயிலுக்கு என்று கேட்டார்கள். எங்கள் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு என்று சொல்லி ஒரு பொட்டலம் வாங்கினேன். எங்கள் கல்லூரியில் சிற்றாலயம் கிடையாது.

கோயிலை ஒட்டிய கடையில் சின்னப் பித்தளைச் சிமிழ் ஒன்றும் வாங்கினேன்.

பிப்ரவரி 14, புதன்

வாந்தி இல்லை.

இன்று சாம்பல் புதன். தேர்ந்தெடுத்த நாள் இல்லை, தற்செயலாக அமைந்தது. காலை ஐந்தரைக்குக் குளித்துச் சேலை கட்டி, பூசைக்குப் போகிறேன் என்றேன். அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி நான் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். வீட்டுத் தெருவில் திரும்பியபோதுதான் நெற்றி நினைவு வந்தது. சாம்பல் இல்லாமல் இன்று யாரும் பூசையிலிருந்து வர முடியாது. பின்வாசல் வழியாக நுழைந்து, அடுப்படியில் கொசுவர்த்தித் தட்டில் கிடந்த சாம்பலை விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். வெளுத்த சாம்பல். கரிமூட்டைத் தூளைக் கொஞ்சம் சேர்த்துக் கறுப்பாக்கினேன்.

அக்கா கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டாள். எதையும் கேட்பதற்குமுன் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதரிடம் பேசினேன். வாந்தி வந்தால் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன் என்றேன். சின்னத் துண்டாகத் தினமும் கொண்டுபோக அனுமதி கொடுத்திருக்கிறார்.

"அப்ப ஃபாதர்ட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் அழுததை இரண்டாவது முறையாகப் பார்க்கிறேன். முதல் முறை அம்மாவின் அடக்கத்தில். "இது ஒண்ணுக்காகத்தான் ஆண்டவரு என்னை இத்தன நாளு போட்டு வச்சிருக்காரு போல" என்றாள்.

சிமிழைத் திறந்தேன். வார்த்தைகள் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. "கிறிஸ்துவின் உடல்." குப்பியில் ஒட்டிய பெயரை வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டேன். "ஆமென்" என்றாள். விழுங்கினாள். நான் வாளியோடு அரை மணி நேரம் காத்திருந்தேன். வரவே இல்லை.

மாவும் தண்ணீரும்தான். முன்பும் மாவும் தண்ணீரும்தான். ஒன்றின் இடத்தில் அதே ஒன்றை வைப்பதில் மோசடி எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 15, வியாழன்

காலை ஆறரைக்குக் கால் அப்பம். தங்கியது. கஞ்சி நான்கு கரண்டி.

பிப்ரவரி 17, சனி

கால் அப்பம். கஞ்சி ஆறு. இளநீர் நான்கு. வாந்தி இல்லை.

"அந்த வில்ல நல்லாக் கேக்குது டீச்சர். பேர் என்னன்னு சீட்டுல எழுதி டாக்டர்ட்ட காட்டுங்க. எங்க மாமியாளுக்கும் நாலு வாங்கணும்" என்றாள் பேச்சியம்மாள்.

"உன் மாமியாளுக்கு அவரு எறங்க மாட்டாருட்டி. நாக்குலயே சண்டை வந்துரும்" என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரித்து இருமாமல் முடித்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

கால் அப்பம்.

இன்று பிரச்சினை. "நீயும் என் முன்னால வாங்குட்டி. ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றாள். பூசையிலேயே வாங்கிவிட்டேன் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று அவளே எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது. ஒத்துக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்றாள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் தங்கைக்கு ஒழுங்கு மறக்கவில்லை என்ற பெருமையும் இருந்தது.

தின்றிருக்கலாம். வெறும் அப்பம்தானே. ஏன் தின்ன முடியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் பிடிபடவில்லை.

பிப்ரவரி 21, புதன்

கால் அப்பம். கஞ்சி ஆறு.

சிஸ்டர் கொர்னேலியா வாசலில் வந்து நின்றார். அக்கா தூங்குகிறாள் என்றேன். "வாந்தி எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். அப்படியேதான் என்றேன். "ஃபாதர் தினமும் விசாரிக்கார். நின்னா சொல்லுங்க, உடனே கொண்டுவாறேன்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

வாந்தி நின்று இன்றோடு பன்னிரண்டு நாள். மேலே உள்ள பக்கங்களில் இருக்கிறது.

பிப்ரவரி 24, சனி

கால் அப்பம். கஞ்சி மூன்று.

பிப்ரவரி 27, செவ்வாய்

அரைக்கால் அப்பம். கஞ்சி ஒரு கரண்டி, அதுவும் பாதி வெளியே. விழுங்க ஐந்தாறு முறை முயல வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். அடைத்துக்கொண்டு வருகிறது, இனி நாள்கணக்குத்தான் என்றார். மூக்கில் குழாய் போடலாமா என்றேன். அக்கா கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

பேச்சியம்மாள் இன்று ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

ஒரு துணுக்கு. அரிசி அளவு. அதற்கு இருபது நிமிடம். விழுங்கி முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கஞ்சி இல்லை. அவள் சக்தி முழுவதும் அந்தத் துணுக்குக்கே செலவாகிறது.

மார்ச் 1, வெள்ளி

ஆறரைக்குத் துணுக்கு கொடுத்தேன். தொண்டை மேலும் கீழும் போய்ப் போய் வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஏழுக்குமேல் இறங்கியது. "ஆமென்" என்று உதடு மட்டும் அசைந்தது.

ஒன்பது மணிக்குத் தண்ணீரில் நனைத்த பஞ்சை நாக்கில் வைத்தேன். அந்த ஈரம்கூட உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது.

பத்து மணிக்கு ஃபாதர் தனிஸ்லாஸ் வந்தார். இன்று முதல் வெள்ளி என்பதை நான் மறந்துபோயிருந்தேன். வாந்தி இருக்கிறதென்று சொல்லிவிட்டதால் யாரும் வரமாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். பேச்சியம்மாள் கோயில் வாசலில் சிஸ்டரைப் பார்த்து, அக்காவுக்கு முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். சாகும் நேரத்தில் கொடுக்கும் அவஸ்தைபூசுதலுக்கு எண்ணெயும், கடைசி நன்மைக்குச் சிமிழும் ஃபாதர் கொண்டுவந்திருந்தார்.

நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். பிறகு குனிந்து, "அம்மா, நன்மை கொண்டுவந்திருக்கேன். ஒரு பொடி அளவு. தண்ணியோட தர்றேன். வாந்தியைப் பத்தி யோசிக்காதீங்க. இந்த நேரத்துல ஒரு தடையும் இல்ல" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். குரல் இல்லை, காற்றுதான். "காலையில வாங்கிட்டேன் ஃபாதர். ஜெசிதான் தினமும்... நீங்க குடுத்துவிட்டதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசைத் துணியைப் பார்த்தேன். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"சாகக் கிடக்கறவங்க ஒரே நாள்ல ரெண்டாவது தடவையும் வாங்கலாம்மா. திருச்சபையே சொல்லுது."

அவள் தலையசைத்தாள். அவர் முதலில் கரண்டியில் தண்ணீரை எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வழிந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் வழிந்தது. அக்கா விழுங்கத்தான் பார்த்தாள். கழுத்து நரம்பெல்லாம் எழும்பி நின்றது. தொண்டை அசையவே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு முன் அசைந்த தொண்டை.

ஃபாதர் சிமிழை மூடிப் பைக்குள் வைத்தார். "நாளைக்குக் காலையில திரும்ப வாறேன்" என்றார்.

வாசற்படி தாண்டியதும் நானே சொன்னேன். மடத்து அப்பம், கொசுவர்த்திச் சாம்பல், பாவசங்கீர்த்தனம், எல்லாம். வகுப்பில் சோதனை முறையை விளக்குவதுபோல வரிசையாகத்தான் சொன்னேன்.

"எத்தனை நாள்?"

"இன்னையோட பதினேழு."

"அத்தனை நாளும் வாந்தி?"

"இல்லை."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப தடையே இல்லையே டீச்சர். தினமும் நானே நடந்து வந்து குடுத்திருப்பேனே. ரெண்டு தெருதானே. ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் ஆசைப்பட்டு, நம்பி வாங்கினாள், அது கணக்கில் வராதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆண்டவர் அவங்களக் கைவிட மாட்டார். அத நான் நம்புதேன்."

"அப்படின்னா இத்தனை நாள் நீங்க குடுக்காம இருந்ததுலயும் நஷ்டமில்ல. நான் குடுத்ததுலயும் நஷ்டமில்ல. சிமிழ்ல நீங்க கொண்டுவந்தது எதுக்கு?"

அவர் சமாளிக்க முயலவில்லை. "அவங்ககிட்ட உண்மையச் சொல்லிரட்டுமான்னு என்கிட்ட கேக்காதீங்க டீச்சர். எனக்கும் தெரியல" என்றார். தெருவில் இறங்கும்போது சிமிழ் இருந்த சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டு நடந்தார்.

எதிலும் எதுவும் இல்லை, மாவு மாவுதான் என்பது என் கருத்து. இருபத்துநான்கு வருடமாக அப்படித்தான். அந்தக் கருத்தின்படி இன்று காலை இந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. இதை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். மூன்றை அடித்துவிட்டேன்.

மார்ச் 2, சனி

உள்ளே போனது எதுவும் இல்லை.

ஆறு மணிக்கு ஃபாதர் வந்தார். அக்கா விழிக்கவில்லை. எட்டுவரை கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொன்னார். இருமுறை தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தார். உடம்பு வாங்கவில்லை. பள்ளியில் ஒரு பூசை இருந்தது, போனார். போகும்போது அவர் என் தோளைத் தொட வந்து தொடாமல் போனார்.

மாலை நான்கு மணிக்கு அக்கா கண் திறந்தாள். பேச்சியம்மாள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பொழுது குழம்பியிருக்க வேண்டும். விடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினாள். வறண்டு வெடித்திருந்தது.

நான் முழந்தாளிடவில்லை. குனிந்து, காதில் சொன்னேன்.

"அக்கா, நான் கோயிலுக்குப் போகல. பாவசங்கீர்த்தனம் பண்ணல. நான் குடுத்தது மடத்துல வாங்கின அப்பம். எல்லா நாளும். ஃபாதருக்கு நேத்துவரைக்கும் தெரியாது. நீ வாங்கல அக்கா. ஒரு நாளும் நீ வாங்கல."

கேட்டதா என்று தெரியாது. கண் என் மேலேயே இருந்தது. கோபமா, வேறெதுவுமா என்று படிக்க முடியவில்லை. கையைப் பிடித்தேன். அவள் திருப்பிப் பிடிக்கவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. வாயை மட்டும் மூடவில்லை. நான் கொடுப்பேன் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிவரை அப்படி இருந்தாள். பிறகு கண் செருகிக்கொண்டது.

மார்ச் 3, ஞாயிறு

காலை ஐந்து ஐம்பது. முதல் பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

வாய் திறந்தே இருந்தது. நான் மூடப் பார்த்தேன், மறுபடி திறந்துகொண்டது. ஆறரைக்குப் பேச்சியம்மாள் வந்தாள். சேலைக் கிழிசல் ஒன்றைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். கை கால்களை நேராக்கினாள். அவள் அழுதாள். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

பேச்சியம்மாள் வீட்டில் உயிர் போகும்போது வாயில் பால் விடுவார்கள். அதனால்தான் கேட்டிருப்பாள்.

"கடைசியா என்ன குடுத்திய டீச்சர்?"

ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன்.